கொம்புக்கு ஆறு கட்டம்

சனிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, கெல்டர்பிரிட்ஜ் நகர மண்டபத்தில், அறுபத்தேழு பேர் வாசிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு பித்தளைக் கொம்பு வாத்தியம் மட்டும் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. அது க்ளெமென்ட் சக்டன் செய்த கோளாறு. செய்தவருக்கே அப்போது அது தெரியாது. அவர் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, மீன் விழுது தடவிய ரொட்டியைப் பாதி கடித்தபடி, வாயை மூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சக்டன் அந்த இசைக்குழுவின் பிரதிக்காரர். இசையமைத்தவர் கிறுக்கிக் கொடுக்கும் மூலப்பிரதியைப் பார்த்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஏடு எழுத வேண்டும், ஒத்திகைக்கு முன் அவற்றைப் பரப்ப வேண்டும், முடிந்ததும் திரும்பச் சேகரிக்க வேண்டும். "வாசிக்கத் தெரியாதவனுக்கு இசைக்குழுவுல ரெண்டே வேலைதான். ஒண்ணு பிரதி எழுதறது. இன்னொண்ணு மேடையேறிக் குச்சி ஆட்டறது. எனக்கு உயரம்னா பயம்" என்று சொல்லிக்கொள்வார். மூன்று மாதத்துக்கு முன்பு வயோலாக்காரர்களின் ஏட்டில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார். பக்கம் குறைவதை வயோலாக்காரர்கள் இருபது நிமிடம் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அவர் தரப்பு வாதம். கமிட்டி சிரிக்கவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கடிதம் வந்தது. நாற்பத்தாறு வயதில், 1951ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்த ஊரில் வேறு வேலை என்றால் கம்பளி ஆலை. கம்பளி பட்டால் சக்டனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்.

அன்று ஒத்திகையில் இருந்தது மிஸ் ஹானர் கார்சைட்டின் சிம்பொனி. அந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். பதினொரு வருடம் உட்கார்ந்து எழுதிய சிம்பொனி, அன்று மாலை ஏழரை மணிக்கு முதல் முறையாக மேடையேறப்போகிறது. வானொலியில் நேரடியாகவே போகப்போகிறது. இன்னொரு தடவை யாராவது வாசிப்பார்களா என்பதை ஆண்டவனும் இசைக்குழுக் கமிட்டிகளும்தான் சொல்ல வேண்டும். இரு தரப்பும் கடிதத்துக்குப் பதில் போடுவதில் ஒரே மாதிரி.

மெதுவான பகுதி செல்லோக்களின் அடிவயிற்றில் தொடங்கும். கால்மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஒரு பெரிய கதவைத் தோளால் முட்டித் தள்ளுவதுபோல் போய், கதவு திறக்கிற நேரத்தில் சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்தில்தான் கொம்பு தனியாகப் பிடித்துக்கொண்டது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆறே கட்டம், ஆறு தாளச் சுற்று. தூறலில் மலைமேல் நின்று யாரோ யாரையோ கூப்பிட வாயெடுத்து, சரி எதுக்கு என்று பாதியில் விட்டதுபோல. ஐந்தாவது கட்டத்தில் மேலே போகும் என்று காது எதிர்பார்த்த சுரம் மேலே போகவில்லை. ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

சக்டனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ரொட்டியில் தடவிய கடுகின் காரம் என்று நினைத்தார். கடுகே தடவவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மேடையில் இரண்டாம் வயலின் பெண்கள் இரண்டு பேர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெல்டர்பிரிட்ஜில் அழுகை வந்தால் கூரையைப் பார்ப்பார்கள். அந்த மண்டபத்துக் கூரையில் பார்க்க ஒன்றுமே கிடையாது.

இடைவேளையில் வானொலிக்காரர் ஓடி வந்தார். ஒலிவாங்கிகளைக் கவனிக்கத் தலைநகரிலிருந்து வந்திருந்த ஒல்லியான மனிதர்.

"பிரமாதம்! மூலப்பிரதியைப் பார்த்துட்டு நான் ராத்திரி பூரா தூங்கல. அந்த இடத்துல இருபத்துநாலு விநாடி சத்தமே இல்லன்னு போட்டிருந்துச்சு. பத்து விநாடி சத்தம் வரலன்னா ஜனங்க ரேடியோ மண்டையில தட்டுவாங்க. இருபது ஆச்சுன்னா எனக்கு மேலிடத்துலேருந்து போன் வரும். நல்லவேளை, மாத்திட்டீங்க."

இசை நடத்துநர் டென்ஹோம் மிஸ் கார்சைட்டைப் பார்த்துப் புன்னகைத்தார். மிஸ் கார்சைட் டென்ஹோமைப் பார்த்துப் புன்னகைத்தார். தட்டில் மிஞ்சிய கடைசி பிஸ்கட்டை ஒருவருக்கொருவர் நீட்டுகிறவர்கள் முகத்தில் இருக்கும் புன்னகை.

"எல்லாம் சரியா இருந்துச்சா, மிஸ் கார்சைட்?"

"ரொம்ப சுவாரஸ்யமா இருந்துச்சு, மிஸ்டர் டென்ஹோம்."

பின்வரிசையில் சக்டனின் கையிலிருந்து ரொட்டி நழுவியது. அந்த ஊரில் ஒன்று பிடித்திருந்தால் 'பரவாயில்லை' என்பார்கள். உயிரைக் கொடுக்கும் அளவு பிடித்திருந்தால் 'ரொம்பப் பரவாயில்லை'. சுவாரஸ்யம் என்ற சொல்லை வேகாத இறைச்சிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு அடித்த ஊதா நிறத்துக்கும், மருமகள் பின்னிய தொப்பிக்கும் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

எல்லோரும் தேநீருக்குப் போனதும் சக்டன் மேடையேறினார். டென்ஹோமின் தாங்கியில் மூலப்பிரதி விரிந்து கிடந்தது. கொம்பு வரி. ஆறு கட்டம். அதன் குறுக்கே மெல்லிய பென்சில் கோடு, லேசாக வளைந்து. சுரங்களின் தலைமேல் வளைகோடு போட்டிருந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்று அர்த்தம். சக்டன் அப்படித்தான் படித்து, கறுப்பு மையில் தன் ஆயுளிலேயே அழகான வளைகோட்டை ஏட்டில் இழுத்திருந்தார். அதற்காக, எழுதிய அன்று தனக்குத்தானே ஒரு கோப்பை தேநீரில் இரண்டு கரண்டி ரேஷன் சர்க்கரை கூடப் போட்டுக்கொண்டார்.

இப்போது தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கோடு சுரங்களின் தலைமேல் போகவில்லை. அவற்றின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கடைசியில் சின்னதாக ஒரு கொக்கி.

அடித்திருக்கிறார். அந்த அம்மாள் அந்த ஆறு கட்டத்தை அடித்திருக்கிறார். மற்ற வாத்தியங்கள் சும்மா இருக்கும் ஆறு கட்டத்தில் கொம்பும் சும்மா இருக்க வேண்டும். சக்டன் அதை உயிரோடு எழுப்பி அறுபத்தேழு பேர் முன்னால் நடக்க விட்டிருக்கிறார். அம்மாள் மனம் மாறி ஏட்டில் சேர்த்துவிட்டார் என்று டென்ஹோம் நினைக்கிறார். டென்ஹோம் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துவிட்டார் என்று அம்மாள் நினைக்கிறார். ஒருவரை ஒருவர் கேட்டால் மரியாதைக் குறைவாகப் போய்விடும். இந்த மரியாதையிலேயே மாலை ஏழரை மணி ஆகிவிடும். ஏழரைக்கு மேல் கொம்பு ஊர் ஊராகக் கேட்டுவிடும்.

சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும். வேலைகூட இருக்கட்டும், அந்த ஆறு கட்டமும் போய்விடுமே. சக்டனுக்குத் தன்மேல் கோபம் வந்தது. வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் தப்பாகப் போக வேண்டுமா?

முதலில் கொம்புக்காரரிடம் போனார். வால்ட்டர் ஆர்மராய்ட் வாரநாளில் சாயப்பட்டறையில் வேலை செய்பவர், நகமெல்லாம் நீலம். பின்னறையில் கொம்பைத் தலைகீழாகப் பிடித்து எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

"வால்ட்டர், அந்த ஆறு கட்டம்..."

"எப்படி?" வால்ட்டரின் முகம் வெந்த பீட்ரூட்போலப் பளபளத்தது. "சொல்லுடா க்ளெம். முப்பது வருஷமா எனக்கு இவங்க கொடுத்ததெல்லாம் 'பூம்', அப்புறம் நாப்பது கட்டம் சும்மா, அப்புறம் இன்னொரு 'பூம்'. இன்னைக்கு என் பொண்டாட்டி டோரிஸ் தெருவையே கூப்பிட்டு ரேடியோ முன்னால உக்கார வைக்கப் போறா. அவ அம்மா வேற வராங்க. அந்தம்மா என்னை இதுவரைக்கும் மனுஷனாவே மதிச்சதில்ல."

"இல்ல, அது ஒருவேளை... எழுதினவங்களுக்குப் பிடிக்காம..."

வால்ட்டர் கொம்பை மெல்லக் கீழே வைத்தார். "அந்த ஏட்டுல நீ கைய வச்சேன்னு வச்சுக்கோ, உன்னை நாலா மடிச்சு டியூபாவுக்குள்ள சொருகிடுவேன்."

"உள்ள இடம் இருக்காதே. போன பிரதிக்காரன் இன்னும் வெளிய வரலையாமே."

வால்ட்டர் சிரிக்கவில்லை. கொம்புக்காரர் ஒருவர் சிரிக்காமல் இருந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று பொருள்.

ஒரு மணிக்கு ஒத்திகை முடிந்ததும் சக்டன் டென்ஹோமைப் படிக்கட்டில் பிடித்தார்.

"சார், கொம்புல அந்த ஆறு கட்டம். அது எப்படி வந்துச்சுன்னா..."

"அழகா வந்துச்சு, சக்டன்."

"அது இல்ல சார். நான் அதை..."

டென்ஹோம் கையுறையை ஒரு விரல் ஒரு விரலாக மாட்டினார். "நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல இல்லையா? நீங்களும் ஒண்ணும் சொல்லல. வானொலிக்காரர் சந்தோஷமா இருக்கார். வாசிக்கறவங்க சந்தோஷமா இருக்காங்க. அந்த வயோலா விவகாரத்தைக்கூடக் கமிட்டி மறந்துட்ட மாதிரிதான் எனக்குத் தோணுது." கடைசி விரல் உள்ளே போனது. "மறந்ததை எதுக்கு ஞாபகப்படுத்தணும்?"

அவர் இறங்கிப் போய்விட்டார். தன் பிழைப்பைத் தட்டில் வைத்து யாரோ நீட்டியதுபோல் இருந்தது சக்டனுக்கு. எடுத்துக்கொள்ளலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது சக்டனுக்குப் பழக்கமில்லாத வேலைதான், ஆனால் கற்றுக்கொள்ள முடியாததில்லை. வீட்டுக்குப் போனார். உருளைக்கிழங்கு வேக வைத்தார். தின்னவில்லை. மூன்றரைக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மிஸ் கார்சைட் ரயிலடிக்கு எதிர்த்த தேநீர்க்கடையில் தனியாக இருந்தார். வாட்டிய பன் ஒன்றை எட்டாக நறுக்கியிருந்தார். ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை.

"உக்காருங்க, மிஸ்டர் சக்டன். இருமல் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மிஸ். என்னைவிட நல்லா இருக்கு." தொப்பியை மடியில் வைத்துத் திருகினார். "மிஸ், அந்தக் கொம்பு. டென்ஹோம் சேர்க்கல. நீங்க சேர்த்ததா அவர் நினைச்சுட்டிருக்கார். நான்தான். நீங்க அடிச்ச கோட்டை நான் வளைகோடுன்னு படிச்சுட்டேன். அதுக்கு மேல மையால அழகா வேற போட்டுட்டேன்."

மிஸ் கார்சைட் கையிலிருந்த கத்தியைத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார்.

"அப்படியா?" என்றார். "என் பென்சில் எப்பவும் கொஞ்சம் வளையும். ஸ்கூல் பொண்ணுங்களும் சொல்லுவாங்க."

"இப்ப என்ன செய்யட்டும் மிஸ்? இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?"

"உங்க கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு, மிஸ்டர் சக்டன். பாஸூன்காரர் சொன்னார்."

"மிஸ்..."

"அவங்க இதை வாசிக்க ஒத்துக்கிட்டதே பெரிசு. பதினொரு கமிட்டிக்கு அனுப்பினேன். டென்ஹோம் ரொம்ப அன்பா நடந்துக்கறார். வானொலிக்காரருக்கும் கஷ்டம் கொடுக்கக்கூடாது. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு." பன் துண்டு ஒன்றை எடுத்து, அதற்குப் பக்கத்துத் துண்டின்மேல் வைத்தார். "பார்ப்போம்."

"ஏழரைக்கு மேல பார்க்க ஒண்ணும் இருக்காது மிஸ். கேக்க மட்டும்தான் இருக்கும்."

"நான் போய் உடுப்பு மாத்தணும்" என்று எழுந்துகொண்டார் அவர். பன் அப்படியே இருந்தது. எட்டுத் துண்டையும் சக்டன் தின்றார். ரேஷன் காலத்தில் வெண்ணெய் தடவிய பன்னை விட்டுப் போக மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அந்த மனசாட்சி மற்ற விஷயங்களில் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு சக்டன் மேடைக்குப் பின்னாலிருந்த நடைக்கூடத்தில் நின்றார். சட்டைப்பையில் பசை தடவிய வெள்ளைத்தாள் துண்டு, ஆறு கட்ட நீளம். கொம்பின் ஏட்டில் அந்த ஆறு கட்டத்தின்மேல் ஒட்டினால் முடிந்தது. வால்ட்டர் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்து அவரை முறைத்துவிட்டுப் போனார். மண்டபம் நிரம்பும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது: இருமல், நாற்காலி, நனைந்த குடைகள்.

மிஸ் கார்சைட் பச்சை நிற உடுப்பில் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ். இன்னும் இருபது நிமிஷம்."

"எல்லாருக்கும் பிடிச்சிருக்கே, மிஸ்டர் சக்டன்."

"உங்களுக்கு?"

மிஸ் கார்சைட் கையுறையின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், போட்டார். பிறகு, "காலையில நீங்க அழுததைப் பார்த்தேன்" என்றார்.

"மீன் விழுது மிஸ். பழசு."

"யாரை நினைச்சீங்க?"

ஒரு வேடிக்கைப் பேச்சு சக்டனின் நாக்கு நுனிவரை வந்தது. எப்போதும் வரும். இந்த முறை வந்து, நின்று, திரும்பிப் போய்விட்டது.

"ஹாரியை" என்றார். "என் தம்பி. பர்மா சண்டையில போயிட்டான். தந்தி கொண்டுவந்த தபாலாபீஸ் அம்மா அழற மாதிரி நின்னாங்க. அவங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னு ஒரு ஜோக் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. கதவைச் சாத்திட்டேன். ஏழு வருஷம் ஆச்சு மிஸ். நான் அழவே இல்ல. இன்னைக்குத்தான்."

"கொம்பு முடிஞ்சதும் என்ன செஞ்சீங்க?"

"மூக்கைச் சிந்தினேன்."

"அப்புறம்?"

"மீதி ரொட்டியைத் தின்னேன்." வெட்கமாக இருந்தது அவருக்கு. "மனசு லேசா ஆயிடுச்சு மிஸ். நிஜமாவே. நல்லா இருந்துச்சு."

மிஸ் கார்சைட் தலையை ஆட்டினார், மெதுவாக, பள்ளியில் கணக்கின் விடை சரியாக வந்துவிட்டதைப் பார்ப்பதுபோல. அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எனக்கும் அப்படித்தான். அதை எழுதின ராத்திரி நல்லாத் தூங்கினேன். அவன் போனதிலேருந்து அப்படித் தூங்கினதே இல்ல. காலையில எழுந்ததும் எனக்குப் பயமா ஆயிடுச்சு." யார் என்று அவர் சொல்லவில்லை, சக்டனும் கேட்கவில்லை. "அவ்வளவு சீக்கிரமா ஆறிடுமா மிஸ்டர் சக்டன்? ஆறு கட்டத்துலயா? கதவு வரைக்கும் நான் எல்லாரையும் கூட்டிட்டு வரேன். உள்ள யார் நிக்கறாங்கன்னு அவங்கவங்க பார்க்கணும். பார்க்கறதுக்குள்ள அந்தக் கொம்பு வந்து தோள்ல கை போட்டு, போதும் வா வீட்டுக்குப் போலாம்னு கூட்டிட்டுப் போயிடுது."

"அப்ப எடுத்துடட்டுமா?"

அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் டென்ஹோம் இறங்கி வந்தார், வால் வைத்த கறுப்புக் கோட்டில், குச்சியும் கையுமாக. பின்னால் வானொலிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எல்லாம் தயார்தானே? மிஸ் கார்சைட், கடைசி நேரத்துல ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல, மிஸ்டர் டென்ஹோம்" என்றார் மிஸ் கார்சைட். பழக்கதோஷம். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சுருங்கியது. "நீங்க எல்லாரும் ரொம்ப..."

"நல்லது, நல்லது." டென்ஹோம் மேடைப்பக்கம் திரும்பினார்.

சக்டன் வழியில் போய் நின்றார். தான் அப்படிச் செய்வோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம். கொம்புல இருக்கிற ஆறு கட்டம் என் தப்பு. இவங்க அதை அடிச்சிருந்தாங்க. நான் தப்பாப் படிச்சு எழுதிட்டேன். கமிட்டிக்கு நீங்க தாராளமா ஞாபகப்படுத்தலாம். வயோலாவையும் சேர்த்தே."

டென்ஹோமின் புருவம் உயர்ந்தது. "இப்ப இதைச் சொல்ற நேரமா, சக்டன்?"

"இருபத்துநாலு விநாடி!" என்றார் வானொலிக்காரர். "ஐயோ, ஊரே ரேடியோவை உடைச்சிடும்!"

சக்டன் இருவரையும் பார்க்கவில்லை. மிஸ் கார்சைட் பக்கம் திரும்பினார்.

"மிஸ், நான் கோமாளி. எங்கிட்ட மரியாதை பார்க்க வேண்டாம். யாருக்குப் பிடிச்சிருக்கு, யார் அன்பா இருந்தாங்க, அதெல்லாம் எனக்கு வேண்டாம். கொம்பு வாசிக்கணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை."

சுவருக்கு அப்பால் யாரோ தனியாக ஒரு வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் கார்சைட் டென்ஹோமைப் பார்த்தார். வானொலிக்காரரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூரையைப் பார்க்கப் போனவர் பார்க்காமல் தலையை இறக்கி, சக்டனை நேராகப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார்.